பட்டாளக்காரரும் கோப்புக்காரரும் ஒரே வகுப்பில்

நேயர்களுக்கு வணக்கம். ராணுவத்தில் இருப்பவர்களின் உயர்கல்வி பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் சீருடை போட்டவன் இல்லை. பாதுகாப்புக் கணக்குத் துறையில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த நாற்காலியிலிருந்து தெரிந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் வரும் கேள்வி, "வெளியே வந்தால் சர்வீஸ் டிகிரிக்குச் சமமாகக் கணக்கில் வருமா?" என்பதுதான். ஓரளவுக்கு வரும். பத்தாம் வகுப்புத் தேறி 15 ஆண்டு பணி முடித்த ஜவான், பட்டப்படிப்பு கேட்கும் மத்திய அரசு குரூப் சி வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம். தொழில்நுட்ப அனுபவம் கட்டாயமான வேலைகளுக்கு மட்டும் இது செல்லாது. நான்கே ஆண்டில் திரும்பும் அக்னிவீரருக்கு இந்தக் கணக்கு எட்டாது. அவர்களுக்காக 2022இல் இக்னோ என்ற மத்தியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாக ஒரு மூன்றாண்டுப் பட்டத்தை அறிவித்தார்கள். பணியில் பெறும் பயிற்சிக்கே பாதி கிரெடிட் கிடைக்கும், மீதியைப் பாடம் படித்துச் சேர்க்க வேண்டும். பிள்ளையை அனுப்பியிருக்கும் பெற்றோர், அவன் லீவில் வரும்போது இதில் சேர்ந்தானா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

சரி, அதிகாரிகள் பக்கம் வருவோம். குன்னூரை அடுத்த வெலிங்டனில், பணியிலுள்ள அதிகாரிகள் மேற்படிப்புப் படிக்கும் ஸ்டாஃப் காலேஜ் இருக்கிறது. பிரிவினைக்கு முன் அது குவெட்டாவில் இருந்தது. குவெட்டா பாகிஸ்தானுக்குப் போய்விடவே, நம் பங்குக்கு நீலகிரியில் புதிதாகத் தொடங்கினார்கள். கல்லூரியின் சின்னம் ஆந்தை. நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள், அங்கே அதுதான் அறிவுக்கு அடையாளம்.

முப்படைகளிலிருந்தும் மேஜர் நிலையிலுள்ள அதிகாரிகளும், நட்பு நாடுகளின் அதிகாரிகளுமாக 400க்கும் மேற்பட்டவர்கள் ஏறக்குறைய ஒரு வருடம் தங்கிப் படிக்கிறார்கள். தரைப்படைக்காரருக்கு இடம் சும்மா கிடைப்பதில்லை. எல்லையில் டியூட்டி பார்த்துக்கொண்டே போர் வரலாறு, ராணுவச் சட்டம், நடப்புச் செய்தி என்று படித்துப் போட்டித் தேர்வு எழுத வேண்டும். உள்ளே வந்தபின் சிண்டிகேட் எனப்படும் சிறு குழுக்களாக உட்கார்ந்து விவாதிக்கிறார்கள். டாங்கிப் படைக்காரர் போடும் திட்டத்தில் கப்பற்படைக்காரர் ஓட்டை கண்டுபிடிப்பார். முடிவில் ஆய்வேடு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்ஸி. பட்டம். பயிற்றுநர் மனத்தில் என்ன விடை இருக்கிறது என்று ஊகித்து எழுதுகிறவர்களும் உண்டு. அது எந்தக் கல்லூரியில்தான் இல்லை?

என் குறை வேறு. அந்த மேசையில் சிவிலியன்கள், அதாவது சீருடை போடாத அரசு ஊழியர்கள், மிகச் சிலரே. எந்தப் பீரங்கி, எத்தனை, எந்த ஆண்டுப் பணத்தில் என்ற கோப்பெல்லாம் சிவிலியன் கைகளைத் தாண்டித்தான் போகிறது. பனிமலைக்கு பூட்ஸ் கேட்டு ஒரு கோப்பு வரும். "போன வருடத்தைவிட ஏன் கூடுதல்?" என்று நிதி ஆலோசகர் குறிப்பு எழுதுவார். "கணக்குக்காரனுக்கு மலை தெரியுமா?" என்று யூனிட்டில் பொருமுவார்கள். பொதுப்பணம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் பனி வழியை மூடும் முன் சரக்கு மேலே ஏறியாக வேண்டும் என்று தெரிந்தவர் அந்தக் கேள்வியை மார்ச்சிலேயே கேட்பார், செப்டம்பரில் கேட்க மாட்டார்.

இரு தரப்பும் சேர்ந்து படிக்கும் இடம் இல்லாமல் இல்லை. தில்லியில் 1960இல் நேரு தொடங்கிவைத்த தேசியப் பாதுகாப்புக் கல்லூரியில் பிரிகேடியர்களும் இணைச் செயலர் நிலை சிவிலியன் அதிகாரிகளும் 47 வாரம் ஒன்றாகப் படிக்கிறார்கள். அங்கேயும் நெடுங்காலம் எம்.ஃபில். பட்டம் கொடுத்தது நம் சென்னைப் பல்கலைக்கழகம்தான். நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் வயது ஐம்பதை நெருங்கிவிடும். ஒருவரைப் பற்றி மற்றவருக்கு இருக்கும் எண்ணம் அதற்குள் இறுகிப் போயிருக்கும்.

திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம் சீருடைக்கும் கோப்புக்கும் நடுவிலுள்ள எல்லையை இளமையிலேயே தாண்டியவர். 1951இல் ஐ.ஏ.எஸ்., அறுபதுகளின் தொடக்கத்தில் பாதுகாப்பு அமைச்சகத்தில் துணைச் செயலர். நாற்பது வயதாகும் முன்பே லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போய் ராணுவ உத்தி படித்தார். 1968இல் தில்லி பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரானார். கார்கில் போரை ஆராய்ந்த குழுவுக்கு அவர்தான் தலைவர். புதிதாகத் தொடங்க நினைத்த தேசியப் பாதுகாப்புப் பல்கலைக்கழகம் எப்படி அமைய வேண்டும் என்று பார்த்த குழுவுக்கும் அவரே தலைவர். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 2013 மே மாதம் ஹரியானாவின் பினோலாவில் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 200 ஏக்கருக்கு மேல் நிலம். பத்தாண்டு கழிந்தும் வகுப்பு தொடங்கவில்லை.

அதுவரை காத்திருப்பானேன்? வெலிங்டனில் ஆண்டுக்கு ஐம்பது இடத்தை சிவிலியன்களுக்கு ஒதுக்கலாம். கணக்குத் துறை, அமைச்சகம், ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ., ஆவடி டாங்கித் தொழிற்சாலை என்று பத்து ஆண்டு சர்வீஸ் உள்ளவர்கள் போகட்டும். ஒரு வருடம் ஆளை விட முடியாது என்று அலுவலகங்கள் சொல்லும். மூன்று மாதமாவது விடட்டும். அப்புறம், பதிலுக்கு மேஜர்களும் மூன்று மாதம் கணக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து பில் பாஸ் செய்து பார்க்கட்டும். சொந்த யூனிட்டின் பில்லிலேயே அவர்கள் அப்ஜெக்‌ஷன் எழுதினாலும் ஆச்சரியப்பட மாட்டேன். வணக்கம்.