சீரியலின் 1205-ஆம் எபிசோட் சீசன் 12-க்குள் போனது எப்படி?

வணக்கம் நேயர்களே. வீட்டில் சேர்த்து வைத்த படங்களையும் தொடர்களையும் டிவியில் ஒழுங்காகப் பார்க்க கோடி, ப்ளெக்ஸ், ஜெல்லிஃபின் போன்ற மென்பொருள்களில் ஏதாவது ஒன்றை உங்களில் பலர் போட்டிருப்பீர்கள். ஹார்ட் டிஸ்கைச் செருகி ஸ்கேன் செய்யச் சொன்னால் சினிமாக்கள் எல்லாம் போஸ்டரோடு வரிசையாக வந்து நிற்கும், சீரியல் மட்டும் வராது. வந்தாலும் பாதிதான் வரும், அந்தப் பாதியும் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும். மென்பொருள் கெட்டுவிட்டது என்று அழித்துவிட்டு மறுபடி போடுபவர்களும் உண்டு. அதனால் ஒன்றும் ஆகாது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த மென்பொருள்கள் எதுவும் வீடியோவைத் திறந்து யார் நடிக்கிறார்கள், என்ன கதை என்று பார்ப்பதில்லை. அவை முக்கியமாகப் படிப்பது கோப்புறையின் பெயரையும் கோப்பின் பெயரையும்தான். அந்தப் பெயர்களிடம் இரண்டே கேள்வி கேட்கும்: இது எந்தத் தொடர், இது எத்தனையாவது சீசனில் எத்தனையாவது எபிசோட். முதல் கேள்விக்கான பதிலைக் கோப்புறையின் பெயரிலும், இரண்டாவது கேள்விக்கான பதிலைக் கோப்பின் பெயரிலும் தேடும். இரண்டும் கிடைத்த பிறகுதான் டிவிடிபி, டிஎம்டிபி போன்ற இணையத் தரவுத்தளங்களுக்குப் போய் கதைச் சுருக்கம், படம், ஒளிபரப்பான தேதி எல்லாவற்றையும் எடுத்து வரும். ஆகவே தொடரே தெரியவில்லை, அல்லது வேறு ஏதோ தொடரின் போஸ்டர் வருகிறது என்றால் சிக்கல் முதல் கேள்வியில். தொடர் சரியாக வந்து எபிசோடுகள் மட்டும் காணவில்லை என்றால் இரண்டாவதில். எதில் சிக்கல் என்று பார்க்காமல் எல்லாப் பெயரையும் மாற்ற உட்கார்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போய்விடும், பலனும் இருக்காது.

தமிழ் நெடுந்தொடர்களில் வேடிக்கை நடப்பது இரண்டாவது கேள்வியில்தான். நம் சீரியல்களுக்கு சீசன் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது, வாரநாட்களில் ஓடிக்கொண்டே இருக்கும், எண்ணிக்கை சர்வசாதாரணமாக ஆயிரத்தைத் தாண்டும். நாமும் எபிசோட் 105, எபிசோட் 1205 என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்துச் சேமித்திருப்போம். கோடியில் என்ன வழக்கம் என்றால், மூன்று நான்கு இலக்க எண் தனியாக நின்றால் அதன் கடைசி இரண்டு இலக்கம் எபிசோட், அதற்கு முன்னால் இருப்பது சீசன். அமெரிக்கத் தொடர்களில் 103 என்றால் முதல் சீசனின் மூன்றாவது எபிசோட் என்று எழுதும் பழக்கம் உண்டு, அதை வைத்து எழுதிய விதி இது. அந்தக் கணக்கில் நம்முடைய 105 முதல் சீசனின் ஐந்தாவது எபிசோட் ஆகிவிடும், 1205 பன்னிரண்டாவது சீசனுக்குப் போய்விடும். 45 என்று இரண்டு இலக்கத்தில் இருப்பது இந்த விதிக்குள் வராது, அதனால் பட்டியலிலேயே இருக்காது. வரிசை அழகாக இருக்கட்டும் என்று யாராவது 045 என்று எழுதியிருந்தால் இன்னும் மோசம், முன்னால் நிற்கும் பூஜ்யத்தைப் பூஜ்ய சீசன் என்று எடுத்துக்கொள்ளும். பூஜ்ய சீசன் என்பது சிறப்பு எபிசோடுகளுக்கு ஒதுக்கிய இடம். கோப்பின் பெயரில் 2013 என்று ஆண்டு மட்டும் தனியாக நின்றால்கூட இருபதாவது சீசனின் பதின்மூன்றாவது எபிசோட் என்று படிக்கும் வாய்ப்பு இருக்கிறது.

தேதியை வைத்துப் பெயரிடுபவர்களுக்கு இன்னொரு பொறி. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2019-08-05 என்று எழுதினால் கோடிக்குப் புரியும். நாம் பள்ளிக்கூடத்தில் எழுதிய மாதிரி 05-08-2019 என்று எழுதினால் அதை அமெரிக்க முறையில், மாதத்தை முதலில் வைத்து, மே மாதம் எட்டாம் தேதி என்று எடுத்துக்கொள்ளும். ஆகஸ்ட் எபிசோட் மே மாதத்தில் போய் உட்காரும். தேதி முறை வேண்டும் என்றால் ஆண்டை முதலில் எழுதுங்கள், வேறு வழி இல்லை.

சரி, எப்படித்தான் எழுதுவது? மூன்று மென்பொருளுக்கும் தயக்கமில்லாமல் புரிகிற முறை, ஆங்கில எழுத்து எஸ், அதை ஒட்டி சீசன் எண், அதை ஒட்டி ஆங்கில எழுத்து இ, அதை ஒட்டி எபிசோட் எண். எஸ்01இ105. நடுவில் இடைவெளி வேண்டாம். சீசனே இல்லாத நெடுந்தொடர் என்றால் எல்லாவற்றையும் முதல் சீசனிலேயே வைக்கலாம், எஸ்01இ1205 என்பதில் தவறே இல்லை. ஆனால் அதற்கு முன் தரவுத்தளத்தில் அந்தத் தொடரை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். ஆண்டுக்கு ஒரு சீசன் என்று அங்கே பிரித்திருந்தால் நாமும் அப்படியே போக வேண்டும், இல்லையென்றால் கதைச் சுருக்கம் ஓரிடத்தில், வீடியோ வேறிடத்தில் என்று ஆகிவிடும். தொடருக்கு ஒரு கோப்புறை, அதற்குள் சீசனுக்கு ஒரு கோப்புறை. சீசன் கோப்புறையின் பெயரில் சீசன் என்ற சொல்லை ஆங்கிலத்தில் முழுதாக எழுதுங்கள், எஸ்01 என்று சுருக்க வேண்டாம் என்று ஜெல்லிஃபின்காரர்களே சொல்கிறார்கள்.

ஆயிரம் கோப்புக்குக் கையால் பெயர் மாற்றுவதா என்று கேட்காதீர்கள். விண்டோஸில் பவர்டாய்ஸ் என்ற இலவசத் தொகுப்பில் பவர்ரீநேம் என்று ஒன்று உண்டு. எபிசோட் என்ற சொல்லையும் அதற்குப் பின் வரும் இடைவெளியையும் தேடி, அந்த இடத்தில் எஸ்01இ என்று போடச் சொன்னால் வேலை முடிந்தது. மாற்றுவதற்கு முன்னால் முன்னோட்டமும் காட்டும், அதைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தாதீர்கள். இதே வேலையைச் செய்யும் ஃபைல்பாட் என்ற மென்பொருள் இன்னும் கெட்டிக்காரன், ஆனால் காசு கேட்கும். பழைய பெயரும் அப்படியே இருக்க வேண்டும் என்றால் ஹார்ட் லிங்க் போடலாம், ஒரே கோப்புக்கு இரண்டு பெயர், இடம் கூடுதலாகப் பிடிக்காது. ஆனால் ஒன்று, அந்த டிஸ்க் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் இது நடக்காது, கடையில் வாங்கும் வெளி டிஸ்குகள் பலவும் அப்படித்தான் வருகின்றன.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம், அதாவது எந்தத் தொடர் என்பது. ஒரே பெயரில் இரண்டு தொடர் இருந்தால் மென்பொருள் தடுமாறும். டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் தொடர் 1963-இல் தொடங்கியது, 2005-இல் புதிதாக மறுபடி வந்தது, தரவுத்தளத்தில் இரண்டும் தனித்தனி. கோப்புறைப் பெயரில் ஆண்டை அடைப்புக்குறிக்குள் எழுதினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் தரவுத்தளத்தில் அந்தத் தொடருக்கு இருக்கும் அடையாள எண்ணையே கோப்புறைப் பெயரில் சேர்த்துவிடலாம், ப்ளெக்ஸில் நெளிவு அடைப்புக்குள், ஜெல்லிஃபினில் சதுர அடைப்புக்குள். நம் தொடர்களின் பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுகிறோம், ஒரு ஏ கூட, ஒரு ஹெச் குறைய. அதனால் தமிழ்த் தொடர்களுக்கு நான் எப்போதும் இந்த எண்ணைத்தான் சிபாரிசு செய்வேன்.

எல்லாம் சரியாக இருந்தும் கதை மாறி வருவதும் உண்டு. ஃபயர்ஃபிளை என்ற அமெரிக்கத் தொடர் 2002-இல் ஒளிபரப்பானபோது, முதலில் பார்க்க வேண்டிய இரண்டு மணி நேர எபிசோடை டிசம்பரில், கடைசியாகப் போட்டார்கள். டிவிடியில் அது முதலில் இருக்கிறது. டிவிடியிலிருந்து எடுத்த கோப்புகளை ஒளிபரப்பு வரிசையோடு பொருத்தினால் தலைப்பு ஒன்று, ஓடுவது ஒன்றாக இருக்கும். அந்தத் தொடருக்கு மட்டும் டிவிடி வரிசையைத் தேர்ந்தெடுங்கள், அமைப்பில் அதற்கு இடம் இருக்கிறது.

தரவுத்தளத்திலேயே இல்லாதவை? நீங்கள் பதிவு செய்த கச்சேரிகள், பாட்டு வகுப்புகள், உள்ளூர்த் தொலைக்காட்சியில் வந்த ஏதோ ஒரு பழைய தொடர். இவற்றுக்கு என்எஃப்ஓ என்று ஒரு சின்ன உரைக்கோப்பு எழுதி வைக்க வேண்டும், தலைப்பு, சீசன் எண், எபிசோட் எண் மூன்றும் அதில் இருக்க வேண்டும். வீடியோவின் பெயர் எதுவோ அதே பெயர், கடைசி நீட்சி மட்டும் வேறு. கோடியும் ஜெல்லிஃபினும் இதைப் படிக்கும், கோடியில் உள்ளூர்த் தகவல் மட்டும் என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் இணையத்துக்கே போகாது. தலைப்பைத் தாராளமாகத் தமிழில் எழுதுங்கள், தமிழ் எழுத்துகள் சிதையாமல் இருக்க யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமியுங்கள். கோப்பின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது. காரணம், ஒ, ஓ ஓசை வரும் கொ, கோ போன்ற எழுத்துகளை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். பழைய மேக் கணினிகள் கொம்பையும் காலையும் பிரித்துச் சேமிக்கும், மற்றவற்றில் நாம் தட்டும்போது சேர்ந்தே இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. வீடியோவும் என்எஃப்ஓவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் போக இதுவே போதும்.

பெயரையே மாற்ற முடியாது, டிவி ட்யூனர் தினமும் அதே விநோதமான பெயரில்தான் பதிவு செய்கிறது என்றால், கோடிக்கு அந்தப் பெயரைப் படிக்கச் சொல்லித் தரலாம். அட்வான்ஸ்டுசெட்டிங்ஸ் என்ற கோப்பில் டிவிஷோமேட்சிங் என்ற பகுதியில் ஒரு ரெஜெக்ஸ், அதாவது பெயர் எந்த வடிவில் இருக்கும் என்று சொல்லும் சூத்திரம், எழுத வேண்டும், எந்த எண் சீசன், எந்த எண் எபிசோட் என்று அது பிடித்துத் தரும். வானொலியில் அதை வாசித்துக் காட்டினால் உங்களுக்கும் புரியாது, எனக்கும் மூச்சு வாங்கும். ஒன்றைக் கவனியுங்கள், ஏற்கெனவே இருக்கும் விதிகளுக்கு முன்னால் அது வர வேண்டும், அதற்கு ப்ரீபெண்ட் என்று குறிப்பிட வேண்டும். இல்லையென்றால் பழைய 103 விதி முந்திக்கொள்ளும்.

அப்புறம், எல்லாம் மாற்றிய பிறகும் பட்டியல் அப்படியே இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். மாற்றம் எதுவும் இல்லை என்று தோன்றும் கோப்புறையை கோடி மறுபடி திறந்து பார்ப்பதில்லை. அமைப்புக் கோப்பில் விதியை மட்டும் மாற்றியிருந்தால் கோப்புறை மாறியதாக அதற்குத் தெரியாது. அந்தக் கோப்புறையின் உள்ளடக்க வகையை ஒன்றுமில்லை என்று வைத்து, பட்டியலிலிருந்து நீக்கச் சம்மதித்து, மறுபடி டிவி தொடர் என்று வையுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் டீபக் லாகிங் என்பதை, அதாவது கோடி செய்வதையெல்லாம் விரிவாகக் குறித்து வைக்கும் வசதியை, இயக்கிவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். எந்தக் கோப்பை எந்த விதியில் எத்தனையாவது எபிசோடாக எடுத்தது என்று லாக் கோப்பில் வரிவரியாக எழுதியிருக்கும்.