மகள் பெயரை கார் பாலிசியில் சேர்க்க வேண்டுமா?

வணக்கம். காப்பீட்டு அலுவலகம் ஒன்றின் கிளெய்ம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் மேசைக்கு அடிக்கடி வந்த கேள்வி இது: "சார், பொண்ணு லைசென்ஸ் எடுத்துட்டா. பாலிசில அவ பேரையும் சேர்க்கணும். எந்த ஃபார்ம்?" கையில் ஆதார் நகல், இரண்டு போட்டோ எல்லாம் தயாராக இருக்கும்.

அப்படி ஒரு ஃபார்மே கிடையாது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் போனில் சொல்வதைக் கேட்டு வரும் குழப்பம் இது. அங்கே வீட்டில் யார் யார் வண்டி ஓட்டுகிறார்கள் என்று பெயர் கொடுக்க வேண்டும். இருபது வயதுப் பிள்ளையைச் சேர்த்தால் பிரீமியம் எகிறும். நம் நாட்டில் பாலிசி வண்டிக்கு. சொந்தக் கார் பாலிசியை எடுத்து 'டிரைவர்' என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். உரிமையாளர் உட்பட எவரும் ஓட்டலாம், விபத்து நடந்த நேரத்தில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எல்.எல்.ஆர். வைத்திருப்பவருக்கும் இடம் உண்டு. ஆனால் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும், முன்னும் பின்னும் சிவப்பு எழுத்தில் 'எல்' போர்டு இருக்க வேண்டும்.

இது தெரியாததால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தந்தை. மகள் காரை ரிவர்ஸ் எடுத்தபோது மின்கம்பத்தில் இடித்துவிட்டாள். பின் கதவு உள்ளே போய்விட்டது. அவளிடம் முறையான லைசென்ஸ் இருந்தது. ஆனால் 'பாலிசியில் அவள் பெயர் இல்லையே' என்று பயந்து, கிளெய்ம் படிவத்தில் 'ஓட்டியவர்' என்ற கட்டத்தில் இவர் தன் பெயரை எழுதினார். சேதத்தை மதிப்பிட எங்கள் சர்வேயர் போனபோது எதிர்க்கடைக்காரர் யதார்த்தமாக, "பாவம் சார், அந்தப் பொண்ணு அழுதுடுச்சு" என்றார். கடை கேமராவிலும் அவள்தான். உண்மையை எழுதியிருந்தால் முழுசாகக் கிடைத்திருக்க வேண்டிய பணம், பொய்த் தகவல் என்ற ஒரே காரணத்தால் போயிற்று. மறுப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்ததே நான்தான். இன்றும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பெயர் வேண்டாம் என்றால் எதைத்தான் பார்ப்பது? லைசென்ஸ் தேதியை. மகளுடையதை விட முதலில் அப்பாவுடையதை. 55 வயது தாண்டிப் புதுப்பித்தால் ஐந்து வருடத்துக்குத்தான் தருவார்கள். காலாவதியான பிறகு முன்பு 30 நாள் சலுகை இருந்தது. 2019 சட்டத் திருத்தத்தில் அதுவும் போய்விட்டது.

பெயர் முக்கியமாகும் இடமும் ஒன்று உண்டு. பாலிசியோடு வரும் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு உரிமையாளருக்கு மட்டும், அதுவும் அவரிடம் லைசென்ஸ் இருந்தால். அதே காரை மகள் ஓட்டிப்போய் அவளுக்கு ஏதாவது ஆனால் அந்தத் தொகை அவளுக்கு வராது. அவள் பெயரில் தனியாக ஒரு விபத்து பாலிசி எடுத்துவிடுங்கள். மாதச் சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருப்பவர்கள், 'சம்பள டிரைவருக்கான சட்டப் பொறுப்பு' என்ற வரி பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். வருடத்துக்கு 50 ரூபாய் சமாச்சாரம். ஐம்பது ரூபாயை மிச்சம் பிடிக்க அந்த வரியை நீக்கச் சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சரி, வீட்டுக்கு இரண்டாவது கார் வருகிறது. பழைய பாலிசியிலேயே சேர்த்துவிட முடியுமா? வழக்கமாக வண்டிக்கு ஒரு பாலிசி. ஒரே உரிமையாளரின் பல வண்டிகளுக்குச் சேர்த்து 'ஃப்ளோட்டர்' என்ற வகையில் கொடுக்கலாம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் அனுமதித்தது. ஒரே உரிமையாளர் என்பதைக் கவனியுங்கள். கணவர் பெயரில் காரும் மனைவி பெயரில் ஸ்கூட்டரும் இருந்தால் சேராது.

இன்னொரு தகராறு, நோ கிளெய்ம் போனஸ். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டி, சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி சேர்த்திருப்பீர்கள். இரண்டாவது காருக்கும் அதைக் கேட்பீர்கள். கிடைக்காது. போனஸ் உங்களுடையதுதான், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு வண்டியில்தான் உட்காரும். பழைய காரை விற்றுவிட்டுப் புதியது வாங்கினால் கூடவே வரும். விற்றதும் போனஸுக்கான கடிதத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கி வையுங்கள், மூன்று வருடம் செல்லும்.

புதுக் காருக்கு ஷோரூமில் மூன்று வருட தேர்டு பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கான காப்பீடு, போட்டுக் கொடுப்பார்கள். கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறை. ஆனால் நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் இருக்கும். 'மூணு வருஷம் இருக்குல்ல' என்று விட்டுவிட்டு, முடிந்து 90 நாள் தாண்டினால் போனஸும் போகும்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ஆர்.சி. பெயர் மாற்றத்தோடு பாலிசியையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். தேர்டு பார்ட்டி பகுதி சட்டப்படி தானாக வந்துவிடும். சொந்தச் சேதப் பகுதி வராது. இது எனக்கு நன்றாகத் தெரியும், அதுதானே என் தொழில். ஆனாலும் மச்சானிடம் கார் வாங்கியபோது, 'நம்ம ஆளுதானே, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று இருந்துவிட்டேன். இருபதாவது நாள் லாரி உரசி வலது பக்கம் முழுக்கப் போயிற்று. அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் மெதுவாகக் கேட்டார்: "சார், உங்களுக்கும் கடிதம் நானே போடட்டுமா, நீங்களே போட்டுக்கிறீங்களா?"