வேலூர் வெயிலும் ஒரு காகிதக் கூடையும்

(குடியாத்தம் அருகே மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அம்மாமார்களே, அக்கா தங்கைகளே, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற கல்லூரிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

வேலூரைப் பற்றிப் பேசினால் நம் பெரியவர்கள் இல்லாதவற்றையே அடுக்குவார்கள். ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில். 1981இல் ஜலகண்டேசுவரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்த பிறகு கடைசி வரி மட்டும் உதிர்ந்துபோனது. நான் இன்று பேச வந்திருப்பது நம்மிடம் இருப்பதைப் பற்றி. முதலில் வெயில். சித்திரை, வைகாசியில் நாற்பது டிகிரியைத் தாண்டிக் காய்கிற இந்த வெயிலை நாம் திட்டாத நாள் இல்லை. இதோ இந்த மேசைமேல் இருக்கிறதே கூடை, இதை உலர்த்திக் கொடுத்தது அந்த வெயில்தான்.

இது என் அத்தை செய்தது. நம் ஊர் வட ஆர்க்காடு மாவட்டமாக இருந்த காலம். 1989இல் மாவட்டம் இரண்டானது. 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மறுபடி பிரிந்தது. கூடைக்கு ஒரு விரிசல்கூட விழவில்லை. என் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் பாத்திரங்களில் பாதி எங்கே போயிற்று என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அத்தை கொடுத்த இந்தக் கூடையில் முதலில் மிளகாய் வற்றல் போட்டு வைத்தேன், அப்புறம் பூண்டு. இப்போது என் பேரனின் பம்பரமும் கோலிகளும் இருக்கின்றன.

இந்தக் கூடையைச் செய்தது பழைய செய்தித்தாளையும் வெந்தயத்தையும் அரைத்துத்தான். முறத்துக்கு இடுக்குத் தெரியாமல் பூசுவதற்கு உங்கள் வீட்டுப் பாட்டிமார்களும் இதையே அரைத்திருப்பார்கள். வயதான அம்மாக்கள் தலையாட்டுகிறீர்கள். இளையவர்களுக்காகச் சொல்கிறேன்.

செய்தித்தாளைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள், கையால் கிழியுங்கள். கிழித்த ஓரத்தில்தான் நார் வெளியே நிற்கும். அந்த நார்தான் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். வழவழப்பான வாரப் பத்திரிகைத் தாள் இதற்கு ஆகாது. இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் நாறிப்போகும். வெந்தயத்தைத் தனியாக முதல் நாள் இரவே ஊறவைத்து, காலையில் வழுவழுவென்று அரைத்து எடுங்கள். பிறகு காகிதத்தைப் பிழிந்து போட்டு இரண்டையும் சேர்த்து அரையுங்கள். வெந்தயத்தின் கொழகொழப்புதான் இங்கே பசை. அதன் கசப்பு பூச்சியையும் அண்டவிடாது. கடையில் மைதாப் பசை காய்ச்சும்போது பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். குழந்தைகள் கைவைக்கிற வேலைக்கு அது வேண்டவே வேண்டாம்.

அரைத்த கூழ் சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்து, ஈரத்துணி போர்த்தி, அடியிலிருந்து விளிம்பு நோக்கிக் கைவிரல் கனத்துக்கு அப்பிக்கொண்டே வாருங்கள். தட்டத் தட்ட உள்ளே இருக்கிற காற்று வெளியேறும். விளிம்பில் மட்டும் கொஞ்சம் கனம் கூட்டுங்கள், கை பிடிக்கிற இடம் அது. ஒரு நாள் வெயில் பட்டதும் பேசினை உருவிவிட்டு, உள்பக்கம் வெயில் படும்படி திருப்பி வையுங்கள். இந்த ஒன்றைத்தான் நான் முதல் தடவை செய்யத் தவறினேன். அதுவும் ஐப்பசி மாதம், மூன்று நாள் அடைமழை. வெளியே கல் மாதிரி காய்ந்துவிட்டது என்று எடுத்துத் திண்ணையில் வைத்தேன். ஒரு வாரத்தில் உள்ளே பச்சைப் பூஞ்சணம். அத்தை அதை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, “மாசியில செய்யலாம் கண்ணு” என்று மட்டும் சொன்னார். மாசிக்குப் பிறகு நம் ஊர் வெயிலில் நான்கு நாளில் கணீரென்று காய்ந்துவிடும். தட்டினால் சத்தம் கேட்கும். கேட்டால்தான் காய்ந்ததாக அர்த்தம்.

இப்போது எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கைவேலை என்றாலே முதலில் கடைக்குப் போக வேண்டும் என்று ஆகிவிட்டது. என் தெருவில் ஒரு பெண், தோழியின் பிறந்தநாளுக்குக் கையால் ஏதாவது செய்து கொடுக்க ஆசைப்பட்டாள். நல்ல ஆசை. ஜிகினாத் தாள், பிளாஸ்டிக் முத்து, சூடாக்கி ஒட்டுகிற பசை என்று நானூறு ரூபாய்க்கு மேல் வாங்கி ஒரு போட்டோச் சட்டம் செய்தாள். மூன்றாம் மாதம் முத்துகள் உதிர்ந்துவிட்டன. அந்தப் பெண்ணின் கை நல்ல கை. அவளுக்கு யாரும் பொருளைப் பார்க்கச் சொல்லித் தரவில்லை, அதுதான் குறை. கொடுக்கிற பொருள் அந்த வீட்டில் புழங்க வேண்டும். அலமாரிக் கண்ணாடிக்குள் போய் நின்றுவிட்டால் செய்த உழைப்பு அங்கேயே முடிந்துவிட்டது.

நம் ஊரில் பொருளுக்கா பஞ்சம்? குடியாத்தத்தில் தறி இருக்கிறது, லுங்கி இருக்கிறது, தீப்பெட்டி இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் செருப்பும் தோலும். தையல்கடை மூலையில் வெட்டுத்துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. இரண்டு விரல் அகலத் தோல் துண்டை மடித்து, குத்தூசியால் துளைபோட்டு, மெழுகு தடவிய நூலால் தைத்தால் பல வருடம் தாங்குகிற சாவிக்கொத்து. ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். மிச்சத் தோலை அடுப்பில் போடாதீர்கள். குரோமியம் சேர்த்துப் பதனிட்ட தோலை எரித்தால் வருகிற புகையும் சாம்பலும் உடம்புக்குக் கெடுதல்.

காலித் தீப்பெட்டிகள் ஆறு. மூன்று மூன்றாக அடுக்கி ஒட்டி, சுற்றிலும் அட்டை போர்த்தி, ஒவ்வொரு இழுப்பறைக்கும் ஒரு சட்டைப் பொத்தான் கோத்தால் தைக்கிற அம்மாவுக்கு ஊக்கும் ஊசியும் வைக்கிற பெட்டி. இது பிள்ளைகளுக்கான வேலை, அவர்களிடமே விட்டுவிடுங்கள். கோணலாக வந்தாலும் சரி செய்யப் போகாதீர்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பழைய புடவையில் மிதியடி. பருத்திப் புடவையாக இருக்க வேண்டும். நைலக்ஸ் வழுக்கும், ஆளை விழவைக்கும். நீளவாக்கில் மூன்று விரற்கடை அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். மூன்று பட்டையைச் சேர்த்துத் தலைப் பின்னல் மாதிரியே பின்ன வேண்டியதுதான். இடையில் பட்டை முடிந்தால் அடுத்ததைத் தைத்து நீட்டுங்கள், மூன்றையும் ஒரே இடத்தில் இணைக்காதீர்கள், அங்கே முண்டு விழும். பிறகு அந்தப் பின்னலை நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டு போகலாம். இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். மடியில் வைத்துத் தைத்தால் நூல் இறுகி, நடுவில் குழிந்து, மிதியடி கிண்ணமாகிவிடும். தரையில் பரப்பி வைத்து, குனிந்து தைக்க வேண்டும். முதுகு வலிக்கும், அவ்வப்போது எழுந்து நடங்கள். என் அம்மா இறந்த பிறகு அவருடைய மூன்று புடவைகளை இப்படிப் பின்னி, மிதிக்க மனம் வராமல், பூஜை அறையில் உட்காருகிற ஆசனமாக வைத்துக்கொண்டேன். தங்கைகள் இருவருக்கும் ஒவ்வொன்று கொடுத்தேன். அதில் அரக்கு நிறப் பட்டை எந்தப் புடவை என்று அவர்களிடம் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தாம்பூலப் பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருமுறை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக்குக்கு நம் மாநிலத்தில் 2019 தொடக்கத்திலேயே தடை வந்தது. 2021இல் அரசே மீண்டும் மஞ்சப்பை என்று இயக்கம் தொடங்கியது. லுங்கித் துணியில் பை தைத்துக் கொடுத்தால் வாங்கியவர்கள் அதை மார்க்கெட்டுக்கு எடுத்துப் போவார்கள். கட்டம் போட்ட துணி என்பதால் அழுக்கும் சட்டென்று தெரியாது.

விற்க நினைக்கிற குழுக்களுக்குக் கடைசியாக ஒன்று. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு, தீப்பெட்டி அடைப்பதற்கு இவ்வளவு என்று கூலியைக் கணக்குப் பார்த்து வாங்குகிற கைகள் நம்முடையவை. அதே கைகள் சொந்தமாக ஒரு கூடை செய்து விலை சொல்லும்போது மட்டும், “காகிதம் சும்மா கிடைத்ததுதானே, கொடுக்கிறதைக் கொடுங்கள்” என்கின்றன. இதைக் கேட்டு எனக்கு மனம் கொதித்திருக்கிறது. காகிதம் சும்மா கிடைத்தது, உங்கள் நான்கு நாள் சும்மா கிடைக்கவில்லை. எத்தனை மணி நேரம் ஆனது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வயல் வேலைக்குப் போனால் அந்த நேரத்துக்கு என்ன வந்திருக்குமோ அதைச் சேர்த்து விலை சொல்லுங்கள். அந்த விலைக்கு யாரும் வாங்கவில்லையா? அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடாதீர்கள், தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுங்கள். அங்கே நாலு பேர் பார்ப்பார்கள், யார் செய்தது என்று கேட்பார்கள்.

பேச்சை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். மண்டபத்துக்குப் பின்னால் இரண்டு வாளிக் காகிதம் முந்தாநாளே ஊறப் போட்டிருக்கிறேன், வெந்தயமும் அரைத்துத் தயாராக இருக்கிறது. பேசின் ஆளுக்கு ஒன்று வராது, இரண்டு பேருக்கு ஒன்று. வளையலையும் மோதிரத்தையும் கழற்றி முடிந்துகொண்டு வாருங்கள், வெயில் இறங்குவதற்குள் முதல் தட்டு தட்டிவிடலாம்.