ரங்கூன் கடையைக் காரைக்குடியிலிருந்து நடத்தினார்கள்! உங்கள் கடை மட்டும் ஏன் நீங்கள் இல்லாவிட்டால் நிற்கிறது?

ஒரு கேள்வி. வருகிற முகூர்த்தத்தில் திருச்சியில் உங்கள் மைத்துனர் வீட்டுக் கல்யாணம். இரண்டு நாள் போய்வர வேண்டும். அந்த இரண்டு நாளும் உங்கள் கடை திறந்திருக்குமா, பூட்டியிருக்குமா?

பதில் எனக்குத் தெரியும். "நான் இல்லாமல் எப்படி அண்ணே நடக்கும்?"

இப்போது இதைக் கேளுங்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்னால் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கானாடுகாத்தானிலும் இருந்த நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், ரங்கூனில், பினாங்கில், கொழும்பில் கடை நடத்தினார்கள். கண்காணிப்புக் கேமரா கிடையாது. "பெட்டியில் இப்போது எவ்வளவு இருக்கிறது?" என்று நடு ராத்திரியில் வாட்ஸ்அப்பில் கேட்க வழி கிடையாது. கப்பலில் போகும் கடிதம், அவசரமென்றால் தந்தி, அவ்வளவுதான். கடை நடந்தது. லாபமும் வந்தது. அந்த லாபத்தில் கட்டிய வீடுகளைத்தான் இன்றைக்கு டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோம்.

வணக்கம். இது சிறுதொழில் செய்கிறவர்களுக்கான வீடியோ. செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூணையும் வளவு என்கிற உள்முற்றத்தையும் சுற்றிக் காட்டப்போகிறேன் என்று நினைத்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது. கடையை எப்படி நடத்தினார்கள் என்பதுதான் எனக்கு வேண்டும்.

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ஆட்சி, பர்மாவின் (இன்றைய மியான்மர்) தென்பகுதியான 'கீழ் பர்மா'வின் ஐராவதிச் சமவெளியை நெல் வயலாக மாற்றியது. உழுகிறவனுக்குக் கடன் கொடுக்க ஐரோப்பிய வங்கிகள் முன்வரவில்லை. நகரத்தார் கொடுத்தார்கள். அவர்கள் 'கடை' என்றது இந்த வட்டிக்கடையைத்தான். பின்னணி முடிந்தது.

[திரையில்: கிட்டங்கியின் கோட்டோவியம்]

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். கிட்டங்கி. சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் இருந்தது, பினாங்கில் இருந்தது. ஒரு நீண்ட கூடம். உள்ளே நாற்காலி, கவுண்டர் எதுவும் இல்லை. தரையில் பாய். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டகம், கால் குட்டையான ஒரு எழுத்து மேசை. அந்தப் பெட்டகமும் மேசையும் கிடக்கிற இடம்தான் முழுக் கடை! பக்கத்துப் பாயில் அடுத்த கடை. போட்டியாளர்கள் முழங்கை இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்து தொழில் செய்தார்கள். வாடகையும் சமையலும் பொதுச் செலவு. இன்றைக்குப் பெங்களூரில் இதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் வைத்து, காபி இயந்திரம் ஒன்றை நிறுத்தி, மேசைக்கு மாதம் இவ்வளவு என்று வசூலிக்கிறார்கள். பாய் மட்டும் தருவதில்லை.

அந்தக் கடையில் யார் இருந்தார்கள்? முதலாளி ஊரில். கடையில் அவருடைய ஏஜெண்ட். அவருக்குக் கீழே அடுத்தாள். அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். பெட்டகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எடுபிடி செய்து, கணக்கு எழுதக் கற்றுக்கொள்கிற சிறுவன். அவனே நாளைக்கு அடுத்தாள், அதற்குப் பிறகு ஏஜெண்ட். ஏஜெண்டுக்கு மூன்று ஆண்டுத் தவணை. அது முடிந்தால் ஊர் திரும்ப வேண்டும், வேறொருவர் வந்து உட்காருவார். வந்தவரிடம் பெட்டிச் சாவி, பேரேடு, யார் எவ்வளவு பாக்கி, யாரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது வரை கைமாறும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் கடையை நாளைக்கு ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டுமென்றால் எதைக் கொடுப்பீர்கள்? சாவியைக் கொடுப்பீர்கள். வேறு? எந்த மில்லில் மாவு நைசாக அரைப்பார்கள், எந்த ஹோட்டல்காரர் பத்தாம் தேதிக்கு முன் பணம் தரமாட்டார், எண்ணெய் டின் எந்தக் கடையில் இருபது ரூபாய் குறைவு, எல்லாம் உங்கள் தலைக்குள் இருக்கிறது. தலையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் திருச்சிக்குப் போக முடியாது.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு, சொல்லிவிடுகிறேன். செட்டிநாடு கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடுகிற ஊர். பெண்ணுக்குக் கொடுக்கிற கரண்டி எத்தனை, வாளி எத்தனை, ஜாடி எத்தனை என்று சாமான் பட்டியல் போடுகிற ஊர். அதே ஊரில் பலகாரக் கடை வைத்திருக்கிறவரிடம் கணக்கு எங்கே என்று கேட்டால், "எல்லாம் மனசில் இருக்கிறது தம்பி" என்கிறார்!

சரி, ஏஜெண்டாகப் போனவர் யார்? பெரும்பாலும் அதே சமூகத்துக்காரர், பல நேரம் சொந்தக்காரர். நம்பிக்கையான ஆள்தானே என்று விட்டார்களா? இல்லை. சம்பளச் சீட்டு எழுதினார்கள். எத்தனை ஆண்டு, என்ன சம்பளம், என்ன பொறுப்பு, எல்லாம் அதில் உண்டு. சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படும்போதே முன்பணம், வீட்டில் இருப்பவர்கள் சாப்பிட வேண்டுமே. போன இடத்தில் சாப்பாடு, தங்கல் எல்லாம் கடைச் செலவு. தவணை முடிந்து கணக்குச் சரியாக இருந்தால் லாபத்தில் ஒரு பங்கு. நம்பிக்கை இருந்தது, எழுத்தும் இருந்தது. ஒன்று இருக்கிறது என்பதற்காக மற்றதை விட்டுவிடவில்லை.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. உங்களுக்கு நீங்களே சம்பளச் சீட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்கு, உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு ஆச்சி வீட்டில் பத்துக் கிலோ மணகோலம் என்ற வெல்லப்பாகு இனிப்பு செய்கிறார். மாவு, எண்ணெய், வெல்லம், தேங்காய்ப் பல், பொட்டுக்கடலை, கேஸ் எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய். உதவிக்கு வந்த பெண்ணுக்குக் கூலி 600. கவர், லேபிள் 200. ஆக 2,700. கிலோ 320 ரூபாய்க்கு விற்கிறார், 3,200 கிடைக்கிறது. லாபம் 500! ஆச்சிக்கு மகிழ்ச்சி. ஆனால் விடியற்காலையில் அடுப்பு மூட்டியது யார்? பாகு பதம் பார்த்தது யார்? பாகு ஒரு கொதி கூடினால் மணகோலம் கல்லாகிவிடும், குறைந்தால் கையில் பிசுபிசுக்கும். அதை உதவிப் பெண்ணிடம் விட முடியாது என்று ஆச்சியே நிற்கிறார். ஆறு மணி நேரம். மணிக்கு 100 ரூபாய் என்று வையுங்கள், 600. இப்போது கூட்டிப் பாருங்கள்: 100 ரூபாய் நஷ்டம். அந்த 500 அவருடைய கூலி, அதுவும் குறைந்த கூலி. அடுத்த தீபாவளிக்கு இரட்டிப்பாக ஆர்டர் வந்தால் இரட்டிப்பாக நஷ்டப்படுவார், இடுப்பு வலி இலவசம்.

ரங்கூன் முதலாளி இந்தக் கணக்கில் ஏமாற வழியே இல்லை. ஏஜெண்ட் சம்பளம் முதலிலேயே செலவில் ஏறிவிட்டது. அதற்கு மேலே நின்றதுதான் லாபம்.

கணக்கு எழுதும் முறைக்கு வருவோம். அன்றாட வரவு செலவு சிட்டையில். அது ஆள்வாரியாகப் பேரேட்டில். அவ்வப்போது ஐந்தொகை, அதாவது இருப்புநிலைக் கணக்கு, எடுத்துச் சரிபார்ப்பது. முதலாளி போட்ட முதல்பணம் ஒரு பக்கம், வெளியார் நம்பிக் கொடுத்த மேல்பணம் இன்னொரு பக்கம், இரண்டும் கலக்காது. கோயிலுக்கு மகமைகூடத் தனிக் கணக்கு. சாமி பணமே ஆனாலும் கல்லாவிலிருந்து சும்மா எடுக்க முடியாது! பின்னங்கள் வேறு. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் 320இல் ஒன்று. நம்மில் எத்தனை பேர் தள்ளுபடி சதவீதத்தைக் கால்குலேட்டர் இல்லாமல் சொல்வோம்? நான் சொல்லமாட்டேன்.

நீங்கள் முந்திரி வரைக்கும் போக வேண்டாம். ராத்திரி கதவைச் சாத்துவதற்கு முன் பத்து நிமிடம். பெட்டியில் ரொக்கம் எவ்வளவு, யூபிஐயில் எவ்வளவு, கடனாகப் போனது எவ்வளவு, யாருக்கு. நோட்டில் எழுதினாலும் சரி, செயலியில் போட்டாலும் சரி. செயலி எதுவென்று கேட்டுக் கருத்துப் பெட்டியை நிரப்பாதீர்கள், எழுதுகிற எதுவும் நல்ல செயலிதான்.

இன்னொன்று, நிறையக் கடைகளில் பார்க்கிறேன். வாசலில் ஒட்டியிருக்கிற கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்தால் சென்னையில் படிக்கிற மகன் பெயர் வருகிறது! முறுக்கு விற்ற பணம் அவன் கணக்கில் விழுகிறது, அவன் அதில் பிரியாணி சாப்பிடுகிறான், மாதக் கடைசியில் வியாபாரம் சரியில்லை என்று அப்பா கவலைப்படுகிறார். கடை பெயரில் ஒரு நடப்புக் கணக்கு தொடங்குங்கள். இன்றைக்கே அந்த அட்டையைக் கிழியுங்கள்.

இவ்வளவு கணக்கு எழுதியும் பர்மாக் கடைகள் என்ன ஆயின? 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கியவர்களால் பணம் கட்ட முடியவில்லை, அடமான நிலம் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் 6 சதவீதம், 1938இல் 25 சதவீதம். பர்மிய விவசாயிகள் நிலத்தை இழந்தார்கள், அந்தக் கோபம் நியாயமானது, அதை மறைத்துப் பெருமை மட்டும் பேச எனக்கு விருப்பமில்லை. கடன் கொடுத்தவர்களுக்கும் வேண்டியது பணம், கிடைத்தது விற்க முடியாத வயல். 1942இல் ஜப்பான் படை வந்தது, பிறகு நிலம் நாட்டுடைமையானது. பேரேட்டில் எழுதிய வரவு பேரேட்டிலேயே நின்றுவிட்டது.

உங்கள் கடையிலும் இந்தப் பிரச்சினைதான். எழுதி வைத்த பாக்கி வேறு, கைக்கு வந்த பணம் வேறு. வசூலுக்குச் சட்டம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

ஆத்தங்குடி டைல்ஸ் செய்கிறவர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மேல் அச்சை வைத்து, சாயக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி அனுப்புகிறார். வாங்கிய பெரிய விடுதி "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்கிறது. அவர் உதயம் என்கிற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு செய்த குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் வர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. விகிதம் ஐந்தரை என்றால் வட்டி பதினாறரை! வராத பாக்கிக்கு மத்திய அரசின் இணையதளத்தில் முறையிடலாம்.

வருமான வரியிலும் ஒரு பிடி இருக்கிறது. 2023-24 நிதியாண்டிலிருந்து, இந்தக் கெடுவுக்குள் பணம் கொடுக்காத வாங்குபவர் அதை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது, கொடுத்த ஆண்டில்தான் காட்ட முடியும். அதனால் மார்ச் மாதத்தில் அவருடைய ஆடிட்டரே உங்களுக்காகச் சண்டை போடுவார்.

என் கருத்து: எடுத்த எடுப்பில் புகார் கொடுக்காதீர்கள், வாடிக்கையாளரும் போய்விடுவார். ஒவ்வொரு பில்லிலும் உதயம் எண்ணை அச்சிடுங்கள், கீழே கெடுத் தேதியை எழுதுங்கள். அதைப் பார்த்தே பலர் கொடுத்துவிடுவார்கள். பதிவைச் சரக்கு அனுப்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள், பின்னால் செய்தால் வாதம் இழுத்துக்கொண்டு போகும். இந்த 45 நாள் உரிமை தயாரிக்கிறவர்களுக்கும் சேவை செய்கிறவர்களுக்கும்தான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்கி விற்கிறவர்கள் உதயத்தில் பதியலாம், இந்தச் சலுகை மட்டும் கிடையாது.

மற்றவை வேகமாக. பொருள் விற்பனை ஆண்டுக்கு 40 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு, சேவை என்றால் 20 லட்சம். வெளிமாநிலத்துக்கு அனுப்புகிறவர்கள், இணையச் சந்தையில் விற்கிறவர்கள் கணக்காளரிடம் தனியாகக் கேளுங்கள். பலகாரம் செய்கிறவர்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம், வீட்டு அடுப்பு என்றாலும் கட்டாயம். கைத்தொழில் செய்கிறவர்களுக்குத் தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம், வயது 35 நிரம்பியிருக்க வேண்டும். விதிகள் மாறும், ஆகவே சிவகங்கை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

உதயம் பதிவுக்கு அரசு இணையதளத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கிடையாது. ஆதாரும் பான் எண்ணும் போதும். அரசு முத்திரை போலவே வைத்துக்கொண்டு இரண்டாயிரம், மூவாயிரம் கேட்கிற தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். முகவரியின் கடைசியில் அரசுக்குரிய 'gov.in' என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், இல்லையென்றால் மூடிவிடுங்கள். ஏற்கெனவே அப்படிப் பணம் கட்டியவர்கள் இருந்தால் எவ்வளவு கேட்டார்கள் என்று கருத்துப் பெட்டியில் எழுதுங்கள், மற்றவர்கள் பார்க்கட்டும். பாக்கி கேட்டுக் கடிதம் எழுதுவது எப்படி என்று அடுத்த வீடியோவில் ஒரு மாதிரிக் கடிதத்தோடு வருகிறேன்.