மணி அடித்தும் யாரும் வராதபோது

செவிலியர்களே, வார்டு உதவியாளர்களே, நோயாளிக்குத் துணையிருக்கும் உறவினர்களே!

நோயாளி விழுந்துவிட்டால் "தரை வழுக்கியது" என்று எழுதிவிடுகிறோம். எங்கே போகக் கிளம்பினார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கழிவறைக்கு. மணி அடித்தார், யாரும் வரவில்லை, அடக்க முடியவில்லை, தானே எழுந்தார். அதனால் அவர் கேட்கும்வரை காத்திராதீர்கள். தூங்கும் முன், விழித்ததும், சாப்பிட்டபின் நீங்களே அழைத்துப் போங்கள். சிறுநீர் பெருக்கும் மாத்திரையை மாலையில் கொடுத்தால் இரவெல்லாம் எழுவார். காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

நோயாளி விழும் ஆபத்தை மதிப்பெண் போட்டுக் கணிக்கும் மோர்ஸ் அளவுகோலில், கடந்த 3 மாதத்தில் விழுந்தவருக்கு 25, ட்ரிப்ஸ் ஊசி இருந்தால் 20, தன் பலவீனத்தை உணராமல் எழுபவருக்கு 15. கூட்டுத்தொகை 45ஐ எட்டினால் ஆபத்து அதிகம் என்று பல இடங்களில் கொள்கிறார்கள். ஆனால் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதியதோடு கடமை முடிந்ததென்று நினைப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அந்த எண்ணால் அவருடைய பராமரிப்பில் ஏதாவது மாற வேண்டும்.

நோயாளி படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் பாருங்கள். அவர் எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மறுபடி பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் தலை சுற்றக்கூடும். மருத்துவரிடம் சொல்லுங்கள். நோயாளி கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்து, கணுக்காலை அசைத்துவிட்டு எழட்டும். அப்போது இரு பாதமும் தரையில் முழுதாகப் படியும் உயரத்தில் கட்டில் இருக்கட்டும், சக்கரம் பூட்டியிருக்கட்டும்.

பக்கக் கம்பிகளை ஏற்றிவிட்டால் பாதுகாப்பு என்று நம்பாதீர்கள். மனக்குழப்பத்தில் இருப்பவர் கம்பி மேல் ஏறித் தாண்டப் பார்ப்பார். உயரத்திலிருந்து விழுவதால் அடி பலமாகும். கட்டிப்போடுவது அதைவிடக் கொடுமை. அவர் படுத்திருக்கும்போது கட்டிலைத் தாழ்த்துங்கள். மணி, மூக்குக்கண்ணாடி, தண்ணீர் எல்லாம் கைக்கு எட்டட்டும்.

விழுந்தவரைப் பதறிப்போய்த் தூக்காதீர்கள். நினைவு இருக்கிறதா, கழுத்து வலிக்கிறதா, கைகால் அசைகிறதா என்று பாருங்கள். ஒரு கால் குறுகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்புப் பக்கம் தொடை எலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். தலையில் அடிபட்டிருந்தாலோ, விழுந்ததை யாரும் பார்க்கவில்லை என்றாலோ, முதல் 2 மணி நேரம் அரை மணிக்கொருமுறை, அடுத்த 4 மணி நேரம் மணிக்கொருமுறை நினைவும் கண்பாவையும் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவரானால் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மண்டைக்குள் கசியும் ரத்தம் பல மணி நேரம் கழித்துத்தான் அறிகுறி காட்டலாம். அதற்குள் பணிமுறை மாறியிருக்கும். அடுத்து வருபவரிடம் அந்த விழுகையை வாய்விட்டே சொல்லி ஒப்படையுங்கள்.