கப்பலில் கற்ற மின்சாரம், கரையில் தேடும் வேலை

(திரையில்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகம், சாலிஸ்பரி தீவு, அதிகாலை)

வணக்கம். இந்தத் தீவைப் பார்த்தால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு 1961இல் இங்கே திறந்த இந்தியர் கல்லூரி நினைவுக்கு வரும். எனக்குக் கடற்படைச் சீருடை. கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டுக் கரையேறியவன் நான். "கப்பலுக்கே கரண்ட் கொடுத்தவனுக்கு மின் நிலையத்தில் வேலை இல்லையா, தம்பி?" என்றார் சாட்ஸ்வொர்த் மாமா. நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் நேர்காணலில் என் சான்றிதழ்களைப் புரட்டியவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ரெட் சீல் எங்கே?"

டிரேட் டெஸ்ட் என்னும் தொழில் தேர்வில் தேறியவருக்கு நாடெங்கும் செல்லுபடியாகும் தொழிற்சான்று அது. படையில் இருக்கும்போதே அதை முடித்தவர்கள் புத்திசாலிகள். முடிக்காதவர்களுக்கு ஏஆர்பிஎல் என்ற வழி உண்டு: அனுபவத்தை மதிப்பிட்டு, குறையும் பாடத்துக்கு மட்டும் பயிற்சி தந்து, டிரேட் டெஸ்டுக்கு அனுப்புவார்கள். பதவிப் பெயரை எழுதி நீட்டினால் நடக்காது. எந்த மோட்டார், எத்தனை கிலோவாட், என்ன பழுது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எழுதி, மேலதிகாரியின் கையெழுத்தையும் விலகும் முன்பே வாங்கிவிடுங்கள். நான் பிறகு வாங்கப்போய் அலைந்ததற்குத் தனி வீடியோவே போடலாம்.

(திரையில்: வரிசையாக மூன்று விளக்குகள்)

கப்பலின் சுவிட்ச்போர்டில் இவை இருக்கும், மும்முனை மின்சாரத்தின் ஒவ்வொரு முனைக்கும், அதாவது பேஸுக்கு, ஒன்றாக. ஒரு வயர் எங்காவது இரும்பு உடலைத் தொட்டுவிட்டால் அந்த பேஸின் விளக்கு மங்கும், மற்ற இரண்டும் கூடுதலாக எரியும். பிரேக்கர் விழாது. மூன்று பேஸுக்கும் பொதுப் புள்ளியான நியூட்ரலைக் கப்பல் உடலோடு இணைக்காததால் பெரிய மின்னோட்டம் பாய வழியில்லை. நடுக்கடலில் சுக்கான் மோட்டார் நின்றுவிடக் கூடாதே, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. விளக்கு மங்கியபடியே ஒவ்வொரு சர்க்யூட்டாகத் தேடிப் போவோம்.

கரையில் நியூட்ரல் மண்ணோடு இணைந்திருக்கிறது. வீட்டிலுள்ள எர்த் லீக்கேஜ் கருவி, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். கப்பலில் 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் பார்த்தவன், இங்கே 50 ஹெர்ட்ஸில் 11,000 வோல்ட், 132,000 வோல்ட் முன்னால் நிற்கிறான். ஓடவிட்டுக்கொண்டே பழுது தேடும் கை அங்கே ஆளைக் கொன்றுவிடும். துண்டி, பூட்டு, சோதி, எர்த் செய், பெர்மிட் இல்லாமல் தொடாதே. இது எனக்குப் பழக ஓராண்டு ஆயிற்று.

டர்பைன்காரர்களுக்கு எங்களைவிட யோகம். சைமன்ஸ் டவுன் கடற்படைத் தளத்தின் ஃபிரிகேட் போர்க்கப்பல்களில் இருப்பது எல்எம்2500, சுமார் 20 மெகாவாட் கேஸ் டர்பைன். டர்பனுக்கு வடக்கே ஷாக்காஸ்க்ரால் அருகிலுள்ள ஏவன் நிலையமும் கேஸ் டர்பைன்தான், 670 மெகாவாட். அளவு மாறும், பிளேடைப் பார்க்கும் கண் மாறாது.

போன மாதம் மாமா பின்கட்டில் ஓர் அறை எழுப்பி, வயரிங் சான்றில் கையெழுத்துப் போடச் சொன்னார். ரெட் சீல் மட்டும் அதற்குப் போதாது, தொழிலாளர் துறையில் தனியாகப் பதிவு வேண்டும் என்றேன். மாமா என் சுவரில் தொங்கும் சான்றை ஒரு முறை பார்த்தார். "அப்படியென்றால் அதற்கும் படி" என்றார்.