செம்புக் கோப்பை வாங்கினால் ஆடுவதா, அலமாரியில் வைப்பதா?

அடுத்த கேள்வி. சேலத்திலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "கோப்பைக்கு அடியில் பந்து மறைந்து தோன்றுகிற 'கப்ஸ் அண்ட் பால்ஸ்' வித்தைக்குக் கையால் செய்த செம்புக் கோப்பைகள் வாங்க ஆசை. பிளாஸ்டிக் செட்டைவிடப் பல மடங்கு விலை. உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா? வாங்கினால் நிகழ்ச்சியில் பயன்படுத்துவதா, சேகரிப்பில் பத்திரமாக வைப்பதா?"

வித்தியாசம் நன்றாகவே தெரியும். தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

இது நமக்குப் புதிய சாமானே இல்லை. செப்படி வித்தை என்று சொல்கிறோமே, அதில் வருகிற செப்பு இந்தச் சின்னக் கிண்ணம்தான். குழந்தைகள் சோறு பொங்கி விளையாடுகிற மரச்செப்பும் அதே சொல். ரோமில் 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த தத்துவஞானி செனெகா, கிண்ணமும் கூழாங்கல்லும் வைத்துக் காட்டுகிற வித்தையில் ஏமாறுவதே தனக்கு இன்பம், சூட்சுமம் தெரிந்துவிட்டால் ஆசை போய்விடும் என்று ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். நம் ஊர்த் தெருக்களில் தரையில் உட்கார்ந்து காட்டுகிறவர்களின் கிண்ணத்துக்குத் தலையில் ஒரு குமிழ் இருக்கும், அதை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துத் தூக்குவார்கள். மேஜையில் நின்று ஆடுவதற்குக் குமிழ் இல்லாத உயரக் கோப்பை. பால் ஃபாக்ஸ் என்ற அமெரிக்கர் வடிவமைத்த கோப்பையை டாய் வெர்னான் என்ற வித்தைக்காரர் ஆடிப் பிரபலமாக்கினார். இன்றைக்கும் பட்டறைகளில் அந்த வடிவத்தைச் செய்கிறார்கள்.

சரி, கையில் எடுத்தால் என்ன வித்தியாசம்? முதலில் எடை. பிளாஸ்டிக் கோப்பையை வேகமாகக் கவிழ்த்தால் துள்ளும், நகரும். நல்ல செம்புக் கோப்பை வைத்த இடத்தில் உட்காரும். அப்புறம் சத்தம். ஒன்றை இன்னொன்றின் மேல் இறக்கும்போது 'டங்' என்று வருகிற அந்தத் தாளத்திலேயே பார்க்கிறவர் உங்கள் கைக்குக் கட்டுப்பட்டுவிடுவார். வாங்கும்போது மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, நடுவில் எவ்வளவு இடைவெளி நிற்கிறது என்று பாருங்கள். ஏன் என்று இங்கே சொல்ல மாட்டேன். பயிற்சி செய்கிறவருக்குப் புரியும். விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். எங்காவது பிசிறு தட்டினால் வேண்டாம், மேஜை விரிப்பில் மாட்டிக்கொள்ளும்.

பந்துக்குப் பணம் செலவழிக்காதீர்கள். என் பந்துகளை அத்தைதான் பின்னிக் கொடுத்தார். கார்க் உருண்டைமேல் பருத்தி நூலில் குரோஷா பின்னல், சிவப்பு நிறம். சத்தம் போடாது, உருண்டு ஓடாது, உள்ளங்கையில் வழுக்காது. பன்னிரண்டு வருடமாக அவைதான்.

நாணய வித்தைக்கான பெட்டிகளைச் சேகரிக்கிறவர்களுக்கும் ஒன்று. ஒகிட்டோ பெட்டி என்கிற சின்ன வட்டப் பெட்டி, ஒகிட்டோ என்ற பெயரில் மேடையேறிய டச்சுக்காரர் தியோ பாம்பெர்க் உருவாக்கியது. வெளிநாட்டிலிருந்து வருவது பெரும்பாலும் அமெரிக்க அரை டாலர் அளவு. அந்த நாணயத்துக்கு அலைய வேண்டாம். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட பழைய வெள்ளி ரூபாய் ஏறக்குறைய அதே அளவு, முப்பதரை மில்லிமீட்டர். எடை 11.66 கிராம். ஒன்றைப் போட்டுப் பார்த்து, தடையில்லாமல் விழுந்தால் வாங்குங்கள். "இது எங்க தாத்தா காலத்து ரூபாய்" என்று அதைப் பார்ப்பவர் கையில் கொடுங்கள். அவர் முகம் மாறுவதைப் பார்த்தால் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்க உங்களுக்கு மனசு வராது.

பூச்சு இல்லாத செம்பு என்றால் புளி போட்டுத் தேய்க்கலாம். பளபளப்புக்கு லேக்கர் அடித்திருந்தால் துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள், புளி பட்டால் பூச்சு திட்டுத்திட்டாகிவிடும். எனக்குக் கொஞ்சம் கறுத்த செம்புதான் பிடிக்கும், அதனால் தேய்ப்பதே இல்லை.

மரச் சாமானுக்கு மழைக்காலம்தான் பயம். ஓர் ஐப்பசி மாதக் கல்யாண வரவேற்பில், கடைசல் வேலையில் அருமையாகச் செய்த என் மரப்பெட்டியின் மூடி ஈரத்தில் ஊதி இறுகிக்கொண்டது. மணமகளின் தாத்தா எதிரில் காத்திருக்கிறார், மூடி அசையவில்லை. அன்றிலிருந்து மரச் சாமான் எல்லாம் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில்தான் இருக்கின்றன. மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொரு மூடியையும் ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் சட்டைப்பையில் வைக்கிறேன்.